ஆறாம் நாள் தண்ணீர்

பெயர் சிவநேசம் பேரின்பநாதன். வயது ஐம்பத்தேழு. வசிப்பது மொன்றியல், ரொக்ஸ்பரோ. தொழில், லவாலில் ஒரு முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தின் வான் சாரதி. இது நீதிமன்றத்துக்காக, என் சட்டத்தரணி ஆனந்தராசாவின் முன்னிலையில் நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஜொய்சி எழுதிய வாக்குமூலம்.

போதைப்பொருள் பாவித்துவிட்டு ஓடினேனா என்று பார்க்கும் உமிழ்நீர்ச் சோதனைக்கு வீதியில் மறுத்தேன் என்று என்மேல் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். அது உறுதியானால் சாரதி அனுமதிப்பத்திரம் போகும், அதோடு வேலையும் போகும். நான் சோதனையை மறுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அன்று கந்தசஷ்டி ஆறாம் நாள். முதல் ஐந்து நாளும் பாலும் பழமும் எடுப்பேன். ஆறாம் நாள் சூரன்போர் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, என் மகன் கஜீவனையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் காரில் கோயிலுக்குப் புறப்பட்டேன். அதன் பின் ரொக்ஸ்பரோ ஸ்டேசனுக்கு அருகில் சிவப்பு விளக்கில் நிறுத்திப் பார்த்து, வலப்பக்கம் திரும்பினேன். லவாலில் அப்படித் திரும்பலாம், மொன்றியல் தீவுக்குள் கூடாது. நாள் முழுக்க லவாலில் ஓடிய பழக்கத்தில் திரும்பிவிட்டேன். அது என் பிழைதான். தலை சுற்றியதா என்று கேட்கிறார்கள். இல்லை. முப்பது வருடமாக விரதம் பிடிக்கிறேன், பசி எது தலைச்சுற்று எது என்று எனக்குத் தெரியாதா?

அதன் பின் பொலிஸ் வாகனம் பின்னால் வந்து மறித்தது. இறங்கி வந்தவர் ஓர் இளம் பெண் உத்தியோகத்தர். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அனுமதிப்பத்திரம், பதிவு, காப்புறுதி மூன்றையும் கொடுத்தேன். என் கண் சிவந்திருந்ததைப் பார்த்தார். பிறகு காருக்குள் குனிந்து, என்ன மணம் என்று கேட்டார்.

என்ன மணம் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். கேட்கும்போதெல்லாம் கஜீவன், கூட்டாளிமாரின் உடுப்பு மணம் அம்மா என்பான். இருபத்துமூன்று வயதுப் பிள்ளையைப் பொலிசுக்கு முன்னால் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "சாம்பிராணி" என்றேன். அந்த உத்தியோகத்தர் பிள்ளைக்கு மூக்கு இல்லையா என்ன? நான் பொய் சொன்னதாலேயே அவருக்குச் சந்தேகம் கூடியது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே இருந்திருக்கலாம், சோதனைக்கு மட்டும் கட்டாயம் உடன்பட வேண்டும் என்று ஆனந்தராசா இப்போது சொல்கிறார். இதை யாராவது எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்.

அதன் பின் உத்தியோகத்தர் உமிழ்நீர் எடுக்க வேண்டும் என்றார். கஜீவன் சட்டத்தரணிக்குப் போன் அடிக்கலாமா என்று கேட்க, வீதிச் சோதனைக்கு முன் அதற்கு இடமில்லை என்றார். நான் வாயைத் திறந்தேன். பஞ்சுக் குச்சியை நாக்கிலும் கன்னத்திலும் நெடுநேரம் தேய்த்தார். போதிய உமிழ்நீர் ஊறினால் குச்சியின் நிறம் மாறுமாம். மாறவில்லை. இரண்டாவது குச்சியும் காய்ந்தபடிதான் வந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் பொறுத்திருந்து திரும்பச் செய்யலாம் என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். சூரன்போர் முடியட்டும், பிறகு எத்தனை குச்சி வேண்டுமானாலும் வையுங்கள் என்று சொல்லச் சொன்னேன். கஜீவன் சொன்னான். அவர் இப்போதே செய்ய வேண்டும் என்றும், ஒத்துழைக்காவிட்டால் அதுவே குற்றம் என்றும் சொன்னார். திரும்பவும் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். திரும்பவும் மறுத்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. எவன் அந்தப் பழக்கத்தை விடவேண்டும் என்று மூன்று வருடமாக நேர்த்தி வைத்து இந்த விரதத்தைப் பிடிக்கிறேனோ, அவன் பக்கத்தில்தான் இருந்தான்.

அதன் பின் உத்தியோகத்தர் என்னைக் கைது செய்வதாகச் சொன்னார். உடனே கஜீவன் காரைவிட்டு இறங்கிக் கையிரண்டையும் காட்டிக்கொண்டு பிரெஞ்சில் சொன்னான், மணம் என்னுடையது, மத்தியானம் இந்தக் காருக்குள் இருந்து கஞ்சா பிடித்தது நான், என் தாய் அதைத் தொட்டதே இல்லை என்று. வீட்டில் மூன்று வருடமாகச் சொல்லாததை நடுறோட்டில் நின்று சொன்னான். உத்தியோகத்தர், யார் பிடித்தாலும் சோதனை சாரதிக்குத்தான் என்றார்.

"அம்மா, தண்ணியைக் குடியுங்கோ," என்றான் கஜீவன். "ஆருக்காக விரதம் எண்டு எனக்குத் தெரியும். விரதம் பிடிச்சது காணும்."

"தெரிஞ்சுகொண்டே இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனியோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றான்.

அதன் பின் நான் போத்தலை வாங்கிக் குடித்தேன். வாயைத் திறந்து, இப்போது எடுங்கள் என்று ஆங்கிலத்தில் நானே சொன்னேன். உத்தியோகத்தர் என் வாயைப் பார்த்தார், பிறகு மேலதிகாரியுடன் தொலைபேசியில் கதைத்தார். கைது செய்தாகிவிட்டது, மறுப்பு மறுப்புத்தான் என்றார். அனுமதிப்பத்திரத்தைத் தொண்ணூறு நாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். காரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சூரன்போர் பார்க்கக் கிடைக்கவில்லை.

நான் மறுத்தது தண்ணீரை. அதையும் பிறகு குடித்தேன். என் வாய் அன்று யாருக்கும் மூடியிருக்கவில்லை.

எழுதியதை ஜொய்சி எனக்கு வாசித்துக் காட்டினார். சாம்பிராணிக் கதையை எடுத்துவிட்டால் வழக்குக்கு நல்லது என்று ஆனந்தராசா சொன்னார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். சாட்சி சொல்ல வந்த கஜீவன் வெளியில் இருக்கிறான். அவன் தன்னுடையதைச் சொல்லும்போது நான் என்னுடையதை ஒளிக்க ஏலாது.

ஆகவே மேலே உள்ளவற்றில், அன்று நான் உத்தியோகத்தருக்குச் சொன்ன சாம்பிராணி என்ற ஒரு சொல் பொய். மற்றதெல்லாம் உண்மை என்று உறுதிகூறிக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) சி. பேரின்பநாதன்