பறவை என்றுதான் எழுதியிருந்தது

உங்கள் ஸ்டேஷனின் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு தாளை மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. எத்தனையோ பேர் இதில் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். மனிதர்களைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயமே அதுதான். ஆனால் நீங்கள் என் மைத்துனன் செத்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். புரியாத இடத்தில் தலையாட்ட வேண்டாம், அது எனக்குப் பிடிக்காது.

அம்பர் என்பது மரப்பிசின். வழிகிற பிசினில் ஏதாவது சிக்கிக்கொள்ளும், மண்ணில் புதையும், கோடிக்கணக்கான வருடங்களில் கல்லாகும். பெரும்பாலும் எறும்பும் கொசுவும்தான் கிடைக்கும். எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஒரு கல்லில் தலை இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. நீண்ட மூக்கு, பெரிய கண், வாய் நிறையப் பல். ஆதிகாலப் பறவைகளுக்குப் பல் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்காது. உலகத்திலேயே மிகச் சிறிய ஆதிப்பறவை என்று அறிவித்தேன். எல்லா ஊரிலும் கை தட்டினார்கள். கை தட்ட அறிவு தேவையில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பறவைக்கென்று தனிக் கூடம் கட்டி, வாசலில் அதன் பெரிய உருவத்தைத் தொங்கவிட்டார்கள். இறகுக்கு நீல நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கல்லுக்குள் இறகு இல்லை. இருந்திருக்கும்.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. எக்ஸ்ரே ஸ்கேன் எடுக்கப் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தான். "உங்ககிட்டயே சேத்துக்கோங்களேன். உங்க மேல அவனுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா?" என்று மனைவி நச்சரித்தாள். சேர்த்தேன். சாப்பிட்ட பாத்திரத்தைத் தானே கழுவுவான், பெருக்குகிறவர் வந்தாலும் எழுந்து வழிவிடுவான். இந்த மாதிரி ஆட்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

புது ஸ்கேன் இயந்திரம் வந்ததும், யாரும் சொல்லாமலே என் கல்லை அதில் வைத்துப் பார்த்திருக்கிறான். பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"அத்தான், தப்பா நினைக்காதீங்க. இது பறவை இல்ல. பல்லி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பறவைக்குப் பல்லு குழிக்குள்ள இருக்கும். இதுக்குத் தாடை ஓரத்துலயே ஒட்டிக்கிட்டிருக்கு. கண்ணு எலும்பும் பல்லியோடது மாதிரிதான். நீங்களே சொல்லிடுங்க அத்தான். நீங்க சொன்னா பெருமை. வேற எவனாவது கண்டுபிடிச்சா அசிங்கமாயிடும். நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல, அக்காகிட்ட கூட."

கிண்டல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அவன் என்னைக் காப்பாற்றப் பார்த்தான். ஊர் ஊராகப் போய் நான் மேடை ஏறியது ஒரு பல்லிக்காகவா? "யோசிக்கிறேன்" என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போனதும் அந்த ஸ்கேன் படங்களை அழித்தேன். பார்க்காமலேதான் அழித்தேன். பார்க்க என்ன இருக்கிறது?

அம்பருக்குக் காற்று ஆகாது. பட்டுக்கொண்டே இருந்தால் மங்கும், வெடிப்பு விடும். அதனால் எங்கள் சேமிப்பறையில் காற்றை வெளியேற்றிவிட்டு நைட்ரஜனை நிரப்பி வைப்போம். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. உள்ளே போகிறவனுக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. கால் மடங்கும், அவ்வளவுதான். ஆகவே யாராவது உள்ளே போவதற்கு முன் நல்ல காற்றை விட்டு, வாசலில் தொங்கும் பலகையைத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் 'காற்று இல்லை', மறுபக்கம் 'போகலாம்'. உள்ளே காற்று குறைந்தால் எச்சரிக்க ஓர் அலாரமும் இருந்தது. சும்மா சும்மா கத்துகிறது என்று அதை நான் முன்பே நிறுத்திவிட்டேன். தலைவலி விட்டது என்று எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

மறுநாள் காலை பலகையை மட்டும் திருப்பினேன்.

"போய் அந்தக் கல்லை எடுத்துட்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றேன்.

"சரிங்க அத்தான்" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். வாசலில் நின்று பலகையைப் படித்தான், உள்ளே போனான். பறவை என்று நான் எழுதியதை நம்பாதவன், பலகையில் எழுதியிருந்ததை நம்பினான். படித்தவன் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாமா? சந்தேகப்படுவதில்கூட அவனுக்கு ஓர் ஒழுங்கு கிடையாது.

கதவைச் சாத்தினேன். அதுதான் விதி. திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் கற்கள் கெட்டுவிடும். ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. இழுப்பறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அறைக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து, பலகையைப் பழையபடி திருப்பி வைத்தேன். அவசரக்காரன், பலகையைக்கூடப் பார்க்காமல் நுழைந்துவிட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. சாவு வீட்டில் தர்க்கம் பண்ணுவது நாகரிகமில்லை.

கல்லைப் பாதுகாக்கத்தான் கதவைச் சாத்தினேனா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். ஆமாம், அந்தக் கல்லுக்காகத்தான். அப்படியானால் அவன் திறந்த இழுப்பறை ஏன் காலியாக இருந்தது என்கிறீர்கள். நல்ல கேள்வி. உங்களிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தின நாளே கல்லை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இல்லாத கல்லை எடுக்கத்தான் அவனை அனுப்பினேன். போனால் திரும்பி வர மாட்டான் என்று தெரிந்துதான் அனுப்பினேன். எழுதிக்கொண்டீர்களா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அழுகைக்கு நடுவே நிமிர்ந்து, கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"பையில என்னங்க, குத்துது?"

"பறவை" என்றேன்.