முழங்கால் அளவு

சங்கத்தின் தலைவர் அவர்களே, கத்தரி பிடித்துக் காய்த்த கரங்களுக்குச் சொந்தமான மூத்த தையற்கலைஞர்களே, ஊசியில் நூல் கோத்தே குடும்பங்களைக் கரையேற்றிய தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் அமர்ந்து, 'இவன் என்னத்தப் பேசப்போறானோ' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மா அவர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

கழிப்பறைப் பீங்கானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான்.

உயரமான சிமெண்டு மேடைமேல் இருந்த எங்கள் பழைய பீங்கான் விரிசல் விட்டது. புதியது வாங்கப் போனேன். தையல்காரன் டேப் இல்லாமல் போவேனா? சுவருக்கும் குழாய்க்கும் இடையே அளந்தேன். கதவு திறக்கும் அகலம் அளந்தேன். டைல்ஸ் நிறத்தில் துணித்துண்டு கொண்டுபோய்ப் பொருத்தம் பார்த்தேன். கடையில் நாற்பது பீங்கான். தட்டினேன், தடவினேன், மூடியைத் தூக்கினேன், தாழ்த்தினேன். ஒன்றிலாவது உட்கார்ந்தேனா? இல்லை. நாலு பேர் நடுவே எப்படி உட்காருவது? இங்கே உட்கார்ந்து பார்த்து வாங்கியவர்கள் கைதூக்குங்கள். ஒரே ஒரு கை. அதுவும் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும் கை. கூட்டிவிடுங்கள் தம்பி.

தாழ்வான, வழவழப்பான வெள்ளைப் பீங்கான் வாங்கி, பழைய மேடையை இடித்துவிட்டுத் தரையிலேயே பதித்தேன். வீடே பாராட்டியது. அம்மாவும், "அழகா இருக்குப்பா" என்றார்.

மூன்றாம் வாரம் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தார். டாக்டர் அவர் நாக்கைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"மாத்திரை போடுறப்ப அரை டம்ளர்."

"ஏம்மா?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குடிச்சா போகணும். அதுல உக்காந்தா எந்திரிக்க முடியல. ஆசைப்பட்டு வாங்கினான், எப்படிச் சொல்றது?"

திடுக்கிட்டேன் அன்பர்களே, திகைத்தேன், தலைகுனிந்தேன். தாகத்தை விழுங்கியிருக்கிறார் ஒரு தாய். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மிஷின் மிதிக்க, அந்தப் பக்கம் அவர் வறண்டு கிடந்திருக்கிறார். அம்மாவின் தோளளவு எனக்கு மனப்பாடம். கைநீளம் மனப்பாடம். முழங்கால் உயரம்? தெரியாது. நாம் நிற்பவர்களையே அளந்து பழகியவர்கள். உட்கார்ந்தால் எழ முடியாதவரை என்றைக்கு அளந்தோம்?

மறுவாரம் அம்மாவோடு அதே கடைக்குப் போனேன். அவர் கூசினார். கடை நடுவே முதலில் நான் உட்கார்ந்தேன், கால்மேல் கால் போட்டு. பிறகு அம்மா உட்கார்ந்தார். முதல் மூன்றில் என் தோளைப் பிடித்து எழுந்தார். நான்காவதில் யாரையும் பிடிக்கவில்லை. "இது போதும்பா" என்றார். அந்த உயரத்தை அளந்து, அவருடைய ரவிக்கை அளவுக்குக் கீழே என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கவில்லை என்று பாருங்கள்.

தலைவர் அவர்களே, எனக்கு வைத்த இந்தத் தண்ணீரை மூன்றாவது வரிசைக்கு அனுப்புங்கள். வாங்கிக்கொண்டார். குடிக்கிறார். பாருங்கள், டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறார்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றியும், அந்தக் காலி டம்ளருக்கு என் வணக்கமும்.