பன்றிக் குடாவில் விடப்பட்ட நங்கூரம்

என் பெயர் குலிஸார். வயது நாற்பத்து மூன்று. தகப்பனார் காலஞ்சென்ற படகோட்டி ஸெகாயி. கணவர் பெயர் தஹ்ஸின். தொழில், சாரிதெரே துறையிலிருந்து நாள் சுற்றுலாவுக்குப் போகும் 'கிஸ்மெத்' என்ற படகில் சமையல். முகவரி என்ற இடத்தில் இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் முதலில் என் கணவர் வீட்டைத்தான் எழுதினார். அதை அடித்துவிட்டு அடுமனைத் தெருவில் அடுமனைக்கு மேல்மாடி அறை என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். புதன்கிழமை மாலையிலிருந்து அங்கேதான் இருக்கிறேன்.

கணவருக்கும் உடன்பிறந்தவருக்கும் எதிராக வாக்குமூலம் கொடுக்க மறுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். அந்த உரிமை எனக்கு வேண்டாம். நான் யார் சொல்லிக்கொடுத்தும் பேசவில்லை. யார் சொன்னதையும் எடுத்துவரவும் இல்லை.

நடந்தது புதன்கிழமை. காலை ஒன்பதரைக்குப் பதினான்கு பயணிகளோடு துறையிலிருந்து கிளம்பினோம். படகில் வேலையாட்கள் என் கணவரும் நானும் மட்டுமே. பயணிகளில் எஸ்கிஷெஹிர் நகரத்திலிருந்து வந்த நூர்ஹயாத் என்ற அம்மாளும் அவருடைய மகள் பெர்ரினும் இருந்தார்கள். அந்த அம்மாள் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தெட்டு. முதல் நிறுத்தமான வெள்ளைக் கல் என்ற இடத்தில் எல்லாரும் நீந்தக் கடலில் குதித்தபோது இவர் மட்டும் ஏணியில் ஒரு படி இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். "நீச்சல் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். "நீச்சல் தெரியாதும்மா, மிதக்கத் தெரியும். முப்பது வருஷம் சர்க்கார் வேலையில அதானே பண்ணினேன்" என்றார். படகு முழுக்கச் சிரித்தது. எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

அதன் பிறகு பன்னிரண்டேகால் மணிக்குப் பன்றிக் குடாவுக்கு வந்தோம். அங்கே படகுகள் நிற்கிற முறை இதுதான். குடாவின் நடுவில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னால் வந்து, பின்பக்கத்தை ஒரு கயிற்றால் கரைப் பாறையில் கட்டுவோம். நாங்கள் கட்டி முடித்த பதினைந்து நிமிடத்தில் என் அண்ணன் நஸ்மியின் படகு 'யாவுஸ்' வந்தது. அவர் சாய்வாக வந்து நங்கூரம் போட்டதில் அவர் சங்கிலி எங்கள் சங்கிலிக்கு மேலே குறுக்காக விழுந்தது. இது தினமும் நடப்பதுதான். கிளம்புகிறபோது மேலே போட்டவர் கொஞ்சம் சங்கிலியைத் தளர்த்துவார், கீழே இருப்பவர் தூக்கி விடுவித்துக்கொண்டு போய்விடுவார். ஐந்து நிமிட வேலை, அதுவும் மோட்டாரின் வேலை. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும்.

என் கணவரும் என் அண்ணனும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. காரணத்தைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். எங்கள் அப்பா இறந்த பிறகு அவருடைய படகை என் கணவர் வாங்கினார். படகோடு நங்கூரமும் வந்ததாக என் கணவர் சொல்கிறார். நங்கூரம் படகில் சேராது, அது மகனுக்கு உரியது என்று அண்ணன் சொல்கிறார். அப்பா அதைத் தானே பட்டறையில் நின்று அடிக்கவைத்தார். தரையில் குத்தி நிற்கும் அதன் இரண்டு கொழுவில் ஒன்று மட்டும் சற்றுக் கோணல். அந்தக் கோணல் கொழுவுக்காக மூன்று பெருநாளாக எங்கள் வீட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகவில்லை. பேச வேண்டியதையெல்லாம் நான்தான் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத் தேதியைக்கூட என் கணவருக்கு நான் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் கேட்காதது போல இருந்தார்.

அதன் பிறகு ஒன்றேகால் மணிக்குச் சாப்பாடு போட்டேன். மீன், மக்ரோனி, சாலட், தர்பூசணி. மீன் வாசனைக்குக் குளவி வரும் என்பதால் வழக்கம்போல இரண்டு தகரத் தட்டில் காப்பிப் பொடியைக் கொளுத்தி வைத்தேன். அன்றைக்குக் காற்று கரையைப் பார்த்து அடித்ததில் புகை படகில் தங்கவே இல்லை. ஒன்று நாற்பதுக்கு நூர்ஹயாத் அம்மாள் திறந்து வைத்திருந்த செர்ரிச் சாறு டின்னை எடுத்துக் குடித்தார். உள்ளே குளவி இருந்தது. தொண்டையில் கொட்டிவிட்டது.

ஐஸ் கொடுத்தேன். முதலுதவிப் பெட்டியில் இருந்த மாத்திரையைக் கொடுத்தேன், விழுங்க முடியவில்லை. பத்து நிமிடத்துக்குள் கழுத்து கன்னத்துக்குச் சமமாக வீங்கியது. குடாவில் தொலைபேசி எடுக்காது. என் கணவர் கடலோரக் காவலை ரேடியோவில் கூப்பிட்டார். காவல் படகு வடக்குப் பக்கம் ஒரு தேடுதலில் இருக்கிறது, வர ஒன்றரை மணி நேரம் ஆகும், நீங்களே துறைக்குக் கொண்டுவாருங்கள், ஆம்புலன்ஸ் நிற்கும் என்று பதில் வந்தது. எங்கள் படகில் துறைக்கு ஐம்பது நிமிடம். ரப்பர் படகு எங்களிடம் கிடையாது. அண்ணனுடைய ரப்பர் படகு பழுதாகி ஊரில் கிடந்தது. குடாவில் வேறு படகு இல்லை. நீந்திக்கொண்டிருந்த எங்கள் பயணிகளை ஏற்றி எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேரும் இருந்தார்கள்.

அதன் பிறகு ஒன்று ஐம்பதுக்கு என் கணவர் நங்கூரத்தைத் தூக்கினார். அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஆள் உயரம் வரை வந்து நின்றுவிட்டது. கோணல் கொழுவில் அண்ணனின் சங்கிலி மாட்டி விறைப்பாகத் தொங்கியது. அண்ணன் தன் படகின் முன்பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படகுக்கும் நடுவே இருபத்தைந்து மீட்டர் இருக்கும். சாதாரணமாகக் கூப்பிட்டாலே கேட்கும். என் கணவர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க அண்ணன்கிட்ட தளர்த்தச் சொல்லு" என்றார்.

நான் கத்தினேன். அண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டார். நேரில் போய் ஏணியேறி நின்றால்தான் அவர் பதில் சொல்வார், இது மூன்று வருடப் பழக்கம். ஆகவே உடுத்தியிருந்த துணியோடு குதித்து நீந்திப் போனேன். ஒரு அம்மாவுக்குத் தொண்டையில் குளவி கொட்டிவிட்டது என்றேன். "குளவிதானே, ஐஸ் வை" என்றார். மூச்சு விட முடியவில்லை என்றேன். "தளர்த்தமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? மச்சானுக்கு வாய் இருக்கில்ல? 'தளர்த்துங்க'ன்னு ஒத்த வார்த்த கேக்கச் சொல்லு. கீழ இருக்கிறவன் கேக்கணும், அதான் கடல் வழக்கம்" என்றார்.

திரும்பி நீந்தி வந்து சொன்னேன். என் கணவர், "மேல போட்டவன் தானா தளர்த்துறதுதான் வழக்கம். தப்பையும் அவன் பண்ணுவான், கும்பிடும் நான் போடணுமா?" என்றார். உங்கள் வழக்கத்தைத் தூக்கி அடுப்பில் போடுங்கள் என்று நான் சொன்னதாக ஒரு பயணி சொல்லியிருக்கிறாராம். சொன்னேன்.

அதன் பிறகு இரண்டாம் முறை போனேன். இந்த முறை அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பயந்ததாகத்தான் தோன்றியது. ஆனாலும் அவர் சொன்னது, "காத்து கரைப்பக்கம் அடிக்குதும்மா. தளர்த்தினா என் பின்பக்கம் பாறையில உக்காந்துடும். என் பயணிங்க இருபது பேரு பழங்காலக் கல்லறை பாக்க மலைக்குப் போயிருக்காங்க, நானும் கெளம்ப முடியாது. சுக்கான் போச்சுன்னா அவன் பொறுப்புன்னு அவன் வாயால சொல்லட்டும்." இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தித்தான் சொன்னார். என் கணவர் காதில் விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் நான் நீந்திப் போய்ச் சொல்லும்வரை அவர் காத்திருந்தார்.

சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போகலாமே என்று அப்போது கேட்டேன். என் கணவர் சொன்னார்: "விட்டுட்டுப் போனா நாளைக்குக் காலையில ஆள விட்டு முங்கி எடுத்துக்குவான். அதுக்குத்தான் மேல போட்டான்னு உனக்குப் புரியலையா?" இப்படிச் சொன்ன மனிதர் கெட்டவர் அல்ல. அந்த அம்மாளின் கால்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு இதைச் சொன்னார். இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. அதனால்தான் எனக்கு வழி தெரியவில்லை.

அதன் பிறகு மூன்றாம் முறை போனேன். அண்ணன் காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கிவிட்டு, "நீ எதுக்குடி விழறே? அவன வரச் சொல்லு" என்றார்.

நான்காம் முறை மறுபடி அண்ணனிடம் போக நீந்தத் தொடங்கியபோது மணி இரண்டு இருபது. பாதி வழியில் நின்றேன். பெர்ரின், "அம்மா கண்ணு திறக்க மாட்டேங்குது" என்று கத்தியது கேட்டது. எனக்குக் கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. அப்பாவின் நங்கூரம் அண்ணனின் சங்கிலியைக் கொழுவில் மாட்டிக்கொண்டு தொங்கியது. இந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார், அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார், இருவரும் நான் கொண்டுவரப்போகும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் நீந்தினாலும் அங்கிருந்து திரும்பத்தான் வேண்டும். அவ்வளவு வெறுப்பு என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

அதன் பிறகு எங்கள் படகுக்குத் திரும்பினேன். அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்ட என் கணவரைத் தாண்டிப் போனேன். அவர் சுக்கானுக்குப் போய் இன்ஜினைக் கூட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு, படகின் மூக்குக்கு அடியில் சங்கிலி விழும் சின்ன அறைக்குள் தவழ்ந்து போனேன். இருட்டு. சேற்று நாற்றம். தோள் திருப்ப இடமில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியை அப்பா ஒரு நீலக் கயிற்றால் இரும்பு வளையத்தில் கட்டியிருந்தார். ஆபத்து வந்தால் அறுப்பதற்காகத்தான் அங்கே கயிறு கட்டுவார்கள். ஏழு சுற்று. முடிச்சை அவிழ்க்க வரவில்லை, அறுத்தேன். அறுத்துவிட்டு மேலே வந்து, சங்கிலி இயந்திரத்தின் பிரேக்கைத் திறந்துவிட்டேன். சங்கிலி முழுவதும் ஓடியது. கடைசி நுனி மூக்கைத் தாண்டும்போது நீலக் கயிற்றுத் துண்டு அதோடு போனதைப் பார்த்தேன். பிறகு பின்பக்கம் ஓடிக் கரைக் கயிற்றையும் அதே கத்தியால் அறுத்தேன். என் கணவர், "என்ன பண்ணிட்டேடி?" என்றார். "ஓட்டுங்க" என்றேன். ஓட்டினார்.

மணி அப்போது இரண்டரை. எங்கள் சங்கிலி விழுந்த அதிர்ச்சியில் யாவுஸ் பின்னால் போய்ப் பாறையில் இடித்துச் சுக்கான் உடைந்ததாக அண்ணன் புகார் கொடுத்திருக்கிறார். உண்மையாக இருக்கும். அதைச் செய்தது நான். என் கணவர் சொல்லிச் செய்தேனா என்று கேட்கப்பட்டது. இல்லை. நங்கூரத்தை வேண்டுமென்றே தொலைத்துவிட்டதாக அண்ணனும், தொலைக்கும்படி அண்ணன் செய்துவிட்டதாக என் கணவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த நங்கூரத்தில் பாதி என்னுடையது. மூன்று வருடத்தில் இரண்டு பேரில் ஒருவரும் இதை என்னிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மூன்று இருபதுக்குத் துறைக்கு வந்தோம். ஆம்புலன்ஸில் தொண்டைக்குக் கீழே துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இன்னும் சிறிது தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று மருத்துவர் சொன்னார்.

அதன் பிறகு வியாழக்கிழமை மதியம் மருத்துவமனைக்குப் போனேன். நூர்ஹயாத் அம்மாள் விழித்திருந்தார். பேச முடியாது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு மகளிடம் காகிதம் கேட்டார். எழுதி என்னிடம் கொடுத்தார். அந்தக் காகிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் எழுதியிருப்பது: 'நீ ஏன் நீந்திக்கொண்டே இருந்தாய்?'

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஒன்று ஐம்பதுக்கே அந்தக் கத்தி சமையல்கட்டில்தான் இருந்தது. கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்பதும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாற்பது நிமிடம் நான் மூன்றரை தடவை போய்வந்தேன். இதை யார்மேலும் போட முடியாது. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அந்த அம்மாளுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

நேற்று வெள்ளிக்கிழமை காலை அண்ணி அடுமனைக்கு ரொட்டி வாங்க வந்து, மாடியில் என்னைக் கண்டு அழுதார். வியாழன் மாலை என் கணவர் அண்ணனுக்குத் தொலைபேசி செய்தாராம். "குலிஸார் உங்க வீட்லயா இருக்கா?" என்று கேட்டாராம். "இல்லையே மச்சான், உங்க வீட்ல இல்லையா?" என்று அண்ணன் கேட்டாராம். பிறகு இருவரும் வெகுநேரம் பேசினார்களாம். ஆக, அவர்களுக்குப் பேச வரும்.

அவர்கள் இருவருக்கும் அனுப்ப வேண்டிய அழைப்பாணையை என்னிடம் கொடுத்து அனுப்பலாமா என்று எழுத்தர் கேட்டார். முடியாது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

மேலே எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை. என் சார்பில் நானே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) குலிஸார்
அடுமனைக்கு மேல்மாடி, அடுமனைத் தெரு, சாரிதெரே