முதல் மூச்சு, உபயம் பூபதிராஜா

— அந்த ஃப்ளெக்ஸை மொதல்ல எறக்குங்க, அண்ணாச்சி. வேலந்தாவளம் சந்தைக்கு வார மாடெல்லாம் நின்னு பாத்துட்டுப் போகுது.

— பாக்கட்டுமுங்க. ‘உலகின் முதல் மூச்சு புறப்பட்ட பூமி. உபயம்: பூபதிராஜா.’ என்னோட போட்டோவப் பெருசாப் போட்டு, உங்களத மூலைல போட்டுட்டேன். அதுக்குத்தான் கோவமுங்களா, தமிழ்ப்ரியா அம்மிணி?

— என் போட்டோவே வேண்டாம். நாளைக்கு எங்க புரொபசர் ராஜசேகர் சார் வாராரு. அவரு பாத்து ஒத்துக்கிட்டாத்தான் நான் கண்டுபிடிச்சது நிக்கும், என் வேலையும் ஸ்திரமாகும். அதுக்குள்ள நீங்க ஆர்ச்சே கட்டிருவீங்க போல.

— ஆர்ச்சுக்குக் கம்பி எறங்கீருச்சுங்க. ஏனுங்க, பஞ்சாயத்து மெம்பரு வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது? இன்னொருக்காச் சொல்லுங்க.

— எத்தன தடவ சொல்லுதது! ஆதியில பூமியில நாம மூச்சு விடுத ஆக்சிஜனே கெடையாது. கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு, வெயிலக் குடிச்சு ஆக்சிஜனத் துப்பிச்சு. அந்தப் பாசி செத்துச் சேத்துல பொதைஞ்சு, சேறு கல்லாயி, அதைத்தான் உங்க தோட்டத்துல கொழாய எறக்கி உருவி எடுத்திருக்கோம்.

— பாசி இருந்ததுக்குச் சாட்சி வேணுமல்லங்க?

— கரிதான் சாட்சி, அதான் கார்பன். கரியிலயும் எடை கூடுனது உண்டு, கொறைஞ்சது உண்டு. வெயிலக் குடிச்சு வளருதது எல்லாம் லேசான கரியாப் பொறுக்கித்தான் உடம்புல சேத்துக்கிடும். உங்க கல்லுல அது கொட்டிக் கெடக்கு. கூடவே துருப்பிடிச்ச செகப்பு வரி. ஆக்சிஜன் இல்லாம இரும்பு எப்படித் துருப்பிடிக்கும்?

— பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி கல்லுலீங்க?

— அதுல கரியே இல்ல. ஒரே பாறதான், ஆனா இல்ல.

— அவன் மூஞ்சிக்கு எங்கீங்க இருக்கும்! எரநூத்தம்பது கோடி வருசத்துக்கு முன்னாலயே ஆளப் பாத்துத்தான் குடுத்திருக்குது பாருங்க.

— செரி, மோட்டார் ரூமத் தொறங்க. சார் வாரதுக்குள்ள கல்ல ஒருக்கா பாத்துருதேன். என்ன அண்ணாச்சி இது, இப்படி மினுங்குது?

— நல்லாருக்குதுங்களா? காலைலதானுங்க தேச்சேன்.

— என்னத்தத் தேச்சீங்க?

— தேங்கா எண்ணெய்ங்க. நம்ம தோப்புக் காயி.

— அண்ணாச்சி!

— ஏனுங்க கத்தறீங்க? வரி நல்லாத் தெரியோணும்னு நீங்கதான தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தீங்க? தண்ணி சித்த நேரத்துல காஞ்சு போயி, கல்லு வெளுத்துக் கெடக்குது. பெரிய மனுசங்க வர்றப்ப அப்படிக் கெடந்தா நமக்கு மருவாதீங்களா? எண்ணெய்னா நெம்ப நாளைக்கு நிக்குமுங்க.

— எப்ப இருந்து தேய்க்கீங்க?

— கல்லுப் பொட்டிய இந்த ரூம்ல எறக்குன வாரத்துல இருந்துங்க. வெள்ளிக்கெழம தவறுனதில்ல.

— நான் லேபுக்கு எடுத்துட்டுப் போன துண்டுலயுமா?

— அதுக்கு ஒரு கை சேத்தியே தேச்சமுங்க. ஊரு விட்டு ஊரு போகுதல்லங்க.

— போச்சு. மேல்தோலச் சீவிட்டுத்தான் அரைச்சேன். ஆனா கல்லு பூரா வெடிப்பு, எண்ணெய் உள்ள எறங்கியிருக்கும். துரு மட்டும் சாட்சியாகாது, அது பிந்தி ஊறுன தண்ணியிலயும் பிடிக்கும். தென்னையும் வெயிலக் குடிச்சு வளருததுதான அண்ணாச்சி! நான் இத்தன நாளா அளந்தது ஆதிப் பாசிய இல்ல, உங்க தென்னந்தோப்ப.

— அப்பக் காளிச்சாமி கல்லுல இல்லாம போனது?

— அவரு எண்ணெய் தேய்க்கல.

— கஞ்சனுங்க. தலைக்கே தேய்க்க மாட்டான்.

— சிரிக்காதீங்க. நாளைக்கு சார் வந்ததும் மொத வேலையாச் சொல்லிருதேன்.

— அம்மிணி, ஆர்ச்சு! அமைச்சரு தேதி குடுத்துட்டாருங்க! தென்னையும் பச்சதானுங்க, அதுக்கும் வெயில்தானுங்க. ஃப்ளெக்ஸ்ல ஒரு பொய்யி இருக்குதுங்களா? உபயம்னுதான போட்டிருக்குது. எண்ணெய் என்னோடதுதானுங்களே!

— வாயத் தொறக்காதீங்க. என் வேல போயிரும், எனக்குத் தெரியும். எங்க ஊரு வண்டிப்பெரியார் எஸ்டேட் பூரா இத்தன நாளு என்னக் ‘கல்லு டாக்டர்’னு கேலி பண்ணுச்சு, இனி ‘எண்ணெய் டாக்டர்’ம்பாங்க. சொல்லட்டும். அதுக்காக எண்ணெயப் பாசின்னு எழுத மாட்டேன்.

— உங்க சாரு கோவிச்சுக்குவாருங்க.

— கோவிச்சாலும் ஏத்துக்கிடுவாரு. என் கல்லு பொய்யானா உலகமா முழுகிரும்? இந்த வட்டாரத்துக் கல்ல உருவி, இருபது வருசத்துக்கு முன்னாலயே சார் இதையே நிரூபிச்சுட்டாரு, காலேஜு காலேஜா அதத்தான் பாடம் நடத்துதாங்க. அத யாரும் அசைக்க முடியாது. என் அளவு அவரு அளவோட புள்ளி பெசகாம ஒத்துப் போச்சேன்னுதான் நானும் மறுபேச்சு இல்லாம நம்பிட்டேன்.

— பின்ன ஒத்துப் போகாதுங்களா? அவரு கல்லும் வருசம் பூரா இதே ரூம்லதான கெடந்துச்சு. அப்ப எங்கப்பா தேச்சாரு, எண்ணெய் இதே தோப்புதுங்க.