வெங்காயத்துக்கு எதிராக ஒரு வோட்டு

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இருந்த நிலாவெளித் தோட்டக்காரர், பக்கத்திலிருந்த மூதூர் முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார்: "என்ர வெங்காயத்துக்கு எதிரா நானே வோட்டுப் போட்டனான், காக்கா."

"இதென்ன கதை தம்பி?"

"உலகமெல்லாம் விலையேறி, போன அரசாங்கம் வெளிநாட்டுச் சாமானை நிப்பாட்டின காலத்தில, வியாபாரிகள் லொறியோட வந்து என்ர வாசல் படலையில காத்து நிண்டவை. வெங்காயம் வித்துத்தான் கல்வீடு கட்டினனான். என்ன காலம் அது!"

"பொறகு ஏன் அந்த அரசாங்கத்துக்கு எதிரா போட்டீங்க?"

"கோதுமை மாவும் வரேல்லை. அந்தக் கல்வீட்டிலயிருந்துதான் என்ர மனுசி விடியமுன்னம் பாண் ரொட்டி வாங்கக் கியூவுக்குப் போறவ. வயித்தில பிள்ளையோட ஒருநாள் கியூவிலயே மயங்கி விழுந்திட்டா."

"இப்ப?"

"இப்ப பாண் தாராளம். கப்பல்ல வெங்காயமும் வருது. என்ரதை ஆரும் கேக்கிறேல்லை."

"திருப்பி வோட்டு வந்தா?"

அவர் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்தபடி சொன்னார்:

"அப்பிடித்தான் போடுவன். கியூவில இருந்து அவவைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தானே."