ஜோதி பஸ்ஸில் ஒரு சீட்டு

— கிறிஸ்மஸுக்கு முந்திச் சபரிமலைக்குப் போற பஸ்ல பழனிக்குமார் சாமிக்குச் சீட்டுப் போட்டாச்சு தாயி. இப்ப வந்து மாத்துங்கிற.

— மாத்தித்தான் ஆகணும் குருசாமி. எங்க வீட்டுக்காரரு தையில ஜோதி பாக்கப் போற பஸ்ல போகட்டும். அதுவரைக்கும் மால கழுத்துல கெடக்கட்டும்.

— செத்த நேரம் அந்த டயர் மேல உக்காரு. இந்த ட்யூப்ப ஒட்டிட்டு வாரேன். பாப்பா பஞ்சர் பாக்குற தண்ணிக்குள்ள கைய விடுது பாரு.

— ஸ்டெபி, கைய எடு. தம்பியப் புடிச்சுக்க.

— ஒனக்காகத்தான் தாயி முந்திப் போட்டேன். மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டிட்டா, பண்டிகையன்னைக்குப் புள்ளைகளோட உக்காந்து கறிச்சோறு திங்கலாம்ல. வேதக்காரப் புள்ள வீட்டுல அன்னைக்குக் கறி வேகாட்டி நல்லாவா இருக்கும்?

— தக்காளிச் சோறு ஆக்குறேன்.

— திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு கிறிஸ்மஸுக்குத் தக்காளிச் சோறா? ஒங்க ஆளுக சிரிக்க மாட்டாகளா?

— சிரிக்கட்டும்.

— சரி, காரணத்தச் சொல்லு.

— காரணம் இருக்கு.

— குருசாமி தாத்தா, போன கிறிஸ்மஸுக்கு அப்பா குடிச்சுட்டு வந்து குடில் மேல விழுந்துட்டாரு. ஒட்டகப் பொம்மைக்குத் தல போச்சு. நானும் தம்பியும் கட்டிலுக்கு அடியில இருந்தோம்.

— ஸ்டெபி.

— நெசந்தானம்மா.

— நெசந்தான் குருசாமி. மால போட்டதுலருந்து அந்தக் கடைப் பக்கமே போகல. காலையில இவளுக்குத் தல சீவி விடுறாரு. என்னைய, 'சாமி, தண்ணி குடுங்க'ங்கிறாரு. கல்யாணம் ஆனதுலருந்து எனக்கு இம்புட்டு மரியாத கெடச்சதில்ல.

— பூனையக்கூட, 'சாமி, தள்ளிப் படுங்க'ன்னாரு தாத்தா.

— மால குடிக்கு மருந்து இல்ல தாயி. மாலையக் கழட்டுன மறுநாளே கடையில நிக்கிறவங்கள வருசா வருசம் பாக்குறேன். தையில கழட்டத்தான வேணும்? அப்ப என்ன செய்வ?

— தையில வர்றத தையில பாத்துக்கிறேன். குடிலச் சுத்தி வைக்க வெதச்ச கம்பு மொளச்சு நிக்குது. தெனம் இவதான் தண்ணி தெளிக்கிறா. ஒரே ஒரு கிறிஸ்மஸ் புள்ளைக பயப்படாம இருக்கட்டும்.

— ஜோதி பஸ் நெறஞ்சு போச்சு.

— டிரைவருக்குப் பக்கத்துல இஞ்சின் பெட்டி மேல உக்காந்து போவாரு.

— அம்புட்டுத் தூரமா?

— ஆமா. ஒங்களால ஆகாதுன்னா சொல்லிருங்க, ஒட்டன்சத்திரத்துல ஒரு குருசாமி இருக்காராம். போய்க் கேக்குறேன்.

— ஏ அப்பா. வாயத் தெறக்காத புள்ளன்னுல்ல நெனச்சேன்.

— நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— வெரதம் நீளும் தாயி. இந்தக் குளிர்ல பச்சத்தண்ணியில குளிக்கணும், தரையில படுக்கணும். முடியுமான்னு அவருகிட்டக் கேட்டியா?

— கேக்கல. மாட்டேன்னு சொல்லிட்டா? முந்துன பஸ்ல எடமில்லன்னு நீங்களே சொல்லிருங்க. நம்பிருவாரு.

— சாமி காரியத்துல பொய் சொல்லச் சொல்ற.

— அந்தப் பாவத்த நான் எங்க ஃபாதர்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

— பொய்யி வேணாம் தாயி.

— அப்ப மாத்த மாட்டீங்களா?

— நேத்துச் சாயங்காலம் அவரே இங்க வந்து நின்னு, ஜோதி பஸ்ல மாத்திவிடுங்க குருசாமின்னாரு. காரணம் கேட்டேன், தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரு, நான்தான் புரியாம வெரட்டி விட்டுட்டேன்.