கைப்பிடி உள்ள நாற்காலி

உங்கள் அறையின் நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கைப்பிடி இருக்கிறது. பாராட்டாகவே சொல்கிறேன். என் அலுவலகத்தில் வாடிக்கையாளருக்காகப் போட்டிருக்கும் மூன்று நாற்காலிகளில் ஒன்றுக்குத்தான் கைப்பிடி உண்டு. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒழுங்குக் குழுவினர் மூவரும் கேட்பது ஒரே கேள்வி: பூட்டுக்கடைக்காரர் குடும்பத்தின் டிரஸ்ட் ஒன்பது ஆண்டுகளாக ஏன் கலைக்கப்படவில்லை? எனக்காகப் பேச வழக்கறிஞர் வேண்டுமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். முப்பத்தோர் ஆண்டுகளாகக் குடும்பங்களுக்கு உயிலும் டிரஸ்ட் பத்திரமும் எழுதி வருகிறேன். என் வாக்குமூலத்தை இன்னொருவர் எழுதினால், அதைத் திருத்தாமல் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

பூட்டுக்கடைக்காரர் என்னிடம் வந்தபோது அவருக்கு ஓர் ஆண்டு ஆயுள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொத்து ஒன்றுதான்: கீழே கடை, மேலே வீடு. பிள்ளைகள் மூவர். மருந்துக்கடை நடத்தும் மகள், கார் ஓட்டக் கற்றுத்தரும் நடு மகன், பல் மருத்துவரான கடைசி மகன். அவரவர் வேலை, அவரவர் வீடு என்று ஆன பிறகு, மூவரும் சேர்ந்து ஓர் இடத்தில் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"சார், லாக்கருக்கு ரெண்டு சாவி போட்டாத்தான் தொறக்கும். எனக்கு மூணு சாவில தொறக்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. இதுங்க மூணும் ஒண்ணா உக்காந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் வீட்ட வித்து, அவங்கம்மாவுக்குக் கீழ்த்தளத்துல ஒரு வீடு வாங்கிக் குடுக்கட்டும்."

எழுதிக் கொடுத்தேன். மூன்று பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே அமர்வில், டிரஸ்டியின் முன்னிலையில், விற்கச் சம்மதம் என்று வாயால் சொல்லும் கணத்தில் டிரஸ்ட் கலையும். இது பதினான்காம் பிரிவு. டிரஸ்டி நான். எழுதியவனே டிரஸ்டியாகவும் வரி ஆலோசகனாகவும் இருப்பதில் உள்ள சிக்கலை நான்காம் இணைப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவரும் படிக்கவில்லை என்பது என் தவறாகாது.

அந்தப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்பத்தொரு பக்கங்கள். வரித்துறை அதிகாரிகள் இருவர் நான்கு நாள் வைத்திருந்து படித்துவிட்டு, கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். என் அறிவுக்கு எட்டியவரை அவர்கள் அப்படி வேறு எவருக்கும் எழுதியதில்லை. அக்கடிதம் என் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. எங்கள் திருமணப் படம் உள்ளறையில் இருக்கிறது.

பெரியவர் இறந்து இரண்டு மாதம் கழித்து முதல் கூட்டம். மகள் உட்கார்ந்ததும், வித்துடலாம், அம்மாவுக்கு முழங்கால் வலி, என்றார். நடு மகன் தலையசைத்தார். பல் மருத்துவர், "அக்கா சொன்னா எனக்கு..." என்று தொடங்கினார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் அந்த வாக்கியத்தை முடித்தால் என் பத்திரம் செல்லாக் காகிதம். ஒரு குறையும் இல்லாத நாற்பத்தொரு பக்கம், நடைமுறைக்கு வந்து இரண்டே மாதம்.

வரியை யோசித்தீர்களா, என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். விற்கும் ஆண்டைப் பொறுத்து வரி மாறும். ஒவ்வொருவரும் தனித்தனியே ஆலோசனை பெறுவது நல்லது என்று மூன்று ஆடிட்டர்களின் முகவரியைக் கொடுத்தேன். மூவரும் திறமைசாலிகள். இருபது ஆண்டுகளில் அவர்கள் மூவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை என்பது ஊரறிந்த செய்தி.

இரண்டாம் ஆண்டு, கைப்பிடி உள்ள நாற்காலி வாங்கினேன். மகள் மூத்தவர் என்று அதில் உட்கார்ந்தார். மறு ஆண்டு நடு மகன் அரைமணி முன்னதாக வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த ஆண்டு பல் மருத்துவர் நின்றுகொண்டே பேசினார். நான் எவரையும் எதிலும் உட்காரச் சொல்லவில்லை.

இவற்றைவிடப் பயன்பட்டது கூட்டக் குறிப்பு. டிரஸ்டி குறிப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும்; அது விதி. நான் சுருக்கி எழுதுவதில்லை. குடும்பத்தில் ஒருவர் ஒன்று சொல்வார், எழுந்து போகும்போது அது நாற்காலியிலேயே தங்கிவிடும். அதே சொல் பத்தி எண்ணோடு பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்தால் மறக்க முடியாது. ஒரு மாதிரி தருகிறேன். பத்தி ஆறு: மகள் தம் கடைசித் தம்பியைப் பற்றி, "அவன் பல்லப் புடுங்கறதோட நிறுத்திக்கட்டும்" என்றார். பத்தி ஏழு: கடைசி மகன் சிரிக்கவில்லை.

அவர் சிரித்தார். ஆனால் அதற்குள் நான் எட்டாம் பத்திக்குப் போயிருந்தேன்.

ஒரு பொய்யும் எழுதவில்லை. நான்காம் ஆண்டிலிருந்து அவர்கள் ஒருவரோடொருவர் என் குறிப்புகளின் வழியாக மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

பெரியவரின் மனைவி மாதம் ஒரு முறை தொலைபேசியில் அழைப்பார். என்னைத் தம்பி என்பார். "ஏன் தம்பி, இருபத்திரண்டு படி இருக்கு. இந்த வருஷமாவது கீழ எறங்கிருவேனா?" பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது அம்மா, என்பேன். லிஃப்ட் வைக்கலாமா என்று நடு மகன் கேட்டார். இருபத்தேழாம் பிரிவின்படி, கட்டடத்தை மாற்றவும் மூவரின் சம்மதம் வேண்டும். அந்தப் பிரிவும் நன்றாக எழுதப்பட்டது. சென்ற மாதம் வரையிலான இரண்டு ஆண்டுகளில் அந்த அம்மாள் தெருவுக்கு வந்தது மூன்று முறை, மூன்றும் மருத்துவமனைக்கு. நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு ஆட்கள் தூக்கி இறக்கினார்கள். அந்த நாற்காலிக்குக் கைப்பிடி இருந்ததா என்று விசாரித்தேன். பாதுகாப்பு கருதித்தான்.

நான் எண்ணிப் பார்க்காதது ஒன்று உண்டு. பிள்ளைகள் மூவரும், பார் அம்மா இவர்கள் பேசுவதை, என்று குறிப்புகளை அவரிடமே கொடுத்து வந்திருக்கிறார்கள். படியிறங்க முடியாதவருக்குப் படிக்க நேரம் இருந்தது. ஒன்பது ஆண்டுக் குறிப்புகளையும் வரிசையாக அடுக்கி, ஒரே மூச்சில் படித்துவிட்டு, மூவரையும் வரவழைத்தார். அவர் கேட்டதை நடு மகன் எனக்குச் சொன்னார்: "ஏண்டா, நீங்க மூணு பேரும் சண்டை போடறீங்களா, இல்ல இவர் எழுதினதப் படிச்சுட்டு சண்டை போடறீங்களா?"

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, சொல்லாமல் நால்வரும் வந்தார்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் அம்மாள் உட்கார்ந்தார். மற்ற இரண்டும் காலியாக இருக்க, பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

"நீங்க எழுத வேண்டாம் தம்பி. கேட்டா போதும்."

மகள் சம்மதம் என்றார். நடு மகன் சம்மதம் என்றார். பல் மருத்துவர் மூச்சை இழுத்தார். நான் எழுந்து, மன்னிக்கவும் என்று சொல்லி, பின்னாலிருந்த கழிவறைக்குள் போய்த் தாழிட்டேன்.

"சார், சம்மதம்னு சொல்லிட்டேன். கேட்டுச்சா?"

கேட்டது. ஆனால் முன்னிலை என்பதற்கு மூன்றாம் பக்கத்தில் நான் தந்திருக்கும் விளக்கத்தில் மூடிய கதவு அடங்காது. மூன்றரை மணிநேரம் உள்ளே இருந்தேன். நடு மகன் தன் தம்பியிடம், "எல்லார் வாயையும் தொறக்க வைக்கிறியே, இந்தக் கதவத் தொறடா" என்றார். மூவரும் சிரித்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். குறிப்பேடு மேசையில் இருந்ததால் அது பதிவாகவில்லை. பூட்டுக்கடைக்காரர் மகனுக்கு என் தாழ்ப்பாள் இரண்டு நிமிட வேலை. ஆனால் அம்மாள் தடுத்துவிட்டார். "விடுடா. பாத்ரூம்ல இருக்கிற மனுஷன்." நான்காம் முறையாகத் தெருவுக்கு வந்தவர், வந்த காரியம் முடியாமல், இருபத்திரண்டு படி மேலே தூக்கிச் செல்லப்பட்டார்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் ஒன்று சேராமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். ஆனால் குழு ஒன்றைக் கருத வேண்டும். என் மீதான புகாரில் மூவரின் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கிறது. பெரியவர் கேட்டது அந்த ஒற்றுமையைத்தான். பத்திரம் தன் வேலையைச் செய்திருக்கிறது. இனி அது கலைவதில் எனக்கு வருத்தம் இல்லை. காகிதத்தின் மேல் மனிதனுக்கு என்ன பற்று இருக்க முடியும்?

வரும்போது பார்த்தேன். வெளியே பெஞ்சியில் தாயும் பிள்ளைகளும் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரையும் இப்போது என் முன்னிலையில் பேச வைக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாக அழையுங்கள். அதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இந்தக் கட்டடத்தில் கழிவறை எந்தப் பக்கம்?